டெக்கைத் துளைத்து இறங்கும் பாய்மரம்: ஒழுக்கை அடைக்க முழுமையான வழிகாட்டி

மழை விட்ட மறுநாள் படகின் கேபினுக்குள் இறங்குகிறீர்கள். பாய்மரத்தின் அடியில் ஈரம், பக்கத்து மெத்தையின் ஓரம் நனைந்திருக்கிறது. உடனே கை சீலன்ட் டியூபைத் தேடும். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு டியூப் காலியானது, ஒழுக்கு நிற்கவில்லை. அந்த சீலன்ட்டைச் சுரண்டி எடுக்க ஒரு நாள் முழுதும் போனது.

அதற்குப் பிறகு பலர் இந்த வேலையைச் செய்யும்போது கூட இருந்து பார்த்திருக்கிறேன். தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். கடைசியாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். இங்கே எண்ணிட்டுச் சொல்லும் வரிசையை மாற்றாமல் போனால் ஒரே தடவையில் வேலை முடிந்துவிடும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். பாய்மரம் டெக்கில், அதாவது படகின் மேல்தளத்தில், உள்ள ஓட்டை வழியாகக் கீழே இறங்கி, படகின் அடியில் கீல் என்னும் அடித்தண்டின் மேல் இருக்கும் பீடத்தில் உட்காரும் படகுகளுக்கான வழிகாட்டி இது. டெக்கின் மேலேயே பாய்மரம் நிற்கும் படகு என்றால், பாய்மரத்தை ஓட்டைக்குள் அசையாமல் பிடிக்கும் ஆப்பும், ஓட்டையை மூடும் ரப்பர் உறையும் உங்களுக்குத் தேவையில்லை. டெக்கில் உள்ள அடித்தகட்டின் போல்ட்டுகளையும் ஒயர் நுழையும் துளையையும் பாருங்கள். நான்காவது படி உங்களுக்கும் உதவும்.

1. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

கேபினுக்குள் பாய்மரத்தை ஒட்டி ஈரம் தெரிந்தால் அது வந்திருக்கக்கூடிய வழிகள் நான்கு. பாய்மரத்தின் வெளிப்பக்கமாக வழிந்து, பூட் என்று சொல்லும் ரப்பர் உறைக்கு அடியில் புகுந்திருக்கலாம். டெக் ஓட்டையைச் சுற்றி இருக்கும் அலுமினிய காலருக்கும் டெக்குக்கும் நடுவே, அல்லது காலரின் போல்ட் துளைகள் வழியாக இறங்கியிருக்கலாம். பாய்மரத்தின் உள்ளேயே வந்திருக்கலாம். அல்லது அது ஒழுக்கே இல்லாமல், குளிர்ந்த அலுமினியத்தின் மேல் கேபின் காற்றின் ஈரம் படிந்த வியர்வையாக இருக்கலாம்.

வியர்வையைக் கண்டுபிடிப்பது சுலபம். மழையே இல்லாத நாளில், குளிர்ந்த விடியற்காலையில், பாய்மரம் முழுதும் சமமாகப் பொடிப்பொடியாக முத்து கட்டியிருந்தால் அது வியர்வை. அதற்குக் காற்றோட்டம்தான் மருந்து. ஒழுக்கு என்றால் ஒரு கோடாக இறங்கும்.

பாய்மரத்தின் உள்ளே வருகிறதா என்று பார்க்க, கயிறு வெளியே வரும் பிளவு ஒன்றில் உணவுச் சாயம் கலந்த தண்ணீரை ஒரு குவளை ஊற்றுங்கள். கீழே பீடத்தருகே சாயம் தெரிந்தால் அந்த வழி திறந்திருக்கிறது என்று பொருள். உச்சியில் உள்ள கப்பிகள், கயிறு நுழையும் பிளவுகள், ரிவெட் துளைகள் எல்லாவற்றிலும் மழை புகும். இதை எந்த பூட்டாலும் தடுக்க முடியாது.

காலரா, பூட்டா என்று பிரித்துப் பார்க்க, கேபின் உள்ளிருந்து காலரின் ஒவ்வொரு போல்ட் முனையிலும் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைச் சுற்றுங்கள். பாய்மரத்தைச் சுற்றியும், டெக்கின் அடிப்பக்கத்துக்குச் சற்றுக் கீழே, டிஷ்யூவை ஒரு வளையமாக ஒட்டுங்கள். அடுத்த மழையில் எது முதலில் நனைகிறது, எந்தப் பக்கம் நனைகிறது என்று பாருங்கள். இந்த ஒரு பேப்பர் சோதனையைச் செய்யாமல் வேலையைத் தொடங்குகிறவர்கள்தான் ஒரே வேலையை மூன்று முறை செய்கிறார்கள்.

நாக்கும் உதவும். சொட்டும் நீர் நல்ல உப்பாக இருந்தால் அலையோ தெறிப்போ டெக்கில் இருந்து வந்திருக்கிறது. உப்பு குறைவாக இருந்தால் மழையாக இருக்கலாம், குடிநீர்த் தொட்டியின் குழாயாகவும் இருக்கலாம். பாய்மரத்தைப் பழி சொல்லும் முன் அதையும் பார்த்துவிடுங்கள்.

2. உள்ளே வரும் தண்ணீருக்கு வழி விடுங்கள்

பாய்மரத்துக்குள் இறங்கும் மழை நீரைத் தடுக்க நினைக்காதீர்கள். அது கீழே போய் வெளியேற வேண்டும், அவ்வளவுதான்.

பாய்மரத்தின் அடியில், அல்லது அது உட்காரும் பீடத்தில், வடிகால் துளை இருக்கும். அழுக்கும், அலுமினியத் துருவும், பழைய ஒயர் கட்டும் பட்டைகளின் துண்டுகளும் சேர்ந்து அதை அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கினால் அலுமினியத்தின் அடிப்பகுதி அரித்துக்கொண்டே போகும்; பாய்மரத்தின் மொத்த அழுத்தமும் அந்த விளிம்பில்தான் இறங்குகிறது.

சில படகுகளில் டெக் மட்டத்துக்குச் சற்று மேலே பாய்மரத்தின் உள்ளே ஒரு அடைப்பு வைத்து, அதற்கு மேலே சிறு துளை போட்டிருப்பார்கள், உள்ளே வரும் நீர் டெக் மேலேயே வெளியேறட்டும் என்று. உங்கள் படகில் அப்படி இருந்தால் அந்தத் துளை புதிய பூட்டின் மேல் விளிம்புக்கு மேலே இருக்க வேண்டும். பூட்டுக்குள் மாட்டிக்கொண்டால் தண்ணீரை நீங்களே கேபினுக்குள் அனுப்புகிறீர்கள். ஒருவர் மிகுந்த அக்கறையோடு அந்தத் துளையை ஒழுக்கு என்று நினைத்து சீலன்ட் வைத்து அடைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒயர்களையும் கவனியுங்கள். பாய்மரத்திலிருந்து கேபினுக்குள் வெளியே வரும் ஒயர் நேராக ஸ்விட்ச் பலகைக்குப் போகக் கூடாது. வெளியே வந்ததும் ஒரு தொங்கல் விட்டு, பிறகு மேலே ஏற்றுங்கள். ஒயரைப் பிடித்துக்கொண்டு வரும் நீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும்.

3. வேலைக்கு முன் என்ன வேண்டும்

பூட்டுக்கு: வார்ப்பில் வந்த ஆயத்த பூட், அல்லது 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஈபிடிஎம் அல்லது நியோப்ரீன் ரப்பர் ஷீட். வெயில் தாங்குவதில் ஈபிடிஎம் மேல். நியோப்ரீன் நன்றாக இழுபடும், ஆனால் வெயிலுக்கு மூடி போட்டே ஆக வேண்டும். லாரி டயரின் உள் டியூபை வெட்டிப் போடுகிறவர்களும் உண்டு. அவசரத்துக்கு நன்றாகவே வேலை செய்யும்.

கிளாம்ப்: 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் செய்த ஹோஸ் கிளாம்ப். பட்டை, உறை, திருகு மூன்றும் அதே ரகமா என்று கேட்டு வாங்குங்கள். பட்டை நல்ல எஃகாகவும் திருகு மட்டும் சாதாரண இரும்பாகவும் வருவது உண்டு. ஒரே பருவத்தில் திருகு துருவில் இறுகிவிடும். பாய்மரத்தின் சுற்றளவுக்கு ஒரே கிளாம்ப் கிடைக்காவிட்டால் இரண்டு மூன்றை ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ளலாம்.

இன்னும் வேண்டியவை: பியூட்டைல் டேப் (பிசைந்து திணிக்கக்கூடிய ஒட்டும் ரப்பர் பட்டை), பாலிசல்ஃபைடு சீலன்ட் ஒரு டியூப், தன்னோடு தானே ஒட்டும் சீல் டேப், ரப்பர் ஒட்டும் கான்டாக்ட் பசை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பிளாஸ்டிக் சுரண்டி, அளவெடுக்கக் கொஞ்சம் நூல், மார்க்கர். காலரைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் எபாக்சியும் அதைக் கெட்டியாக்கும் பொடியும்.

வாங்க வேண்டாதவையும் இரண்டு உண்டு. வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் சீலன்ட் உலோகத்தை அரிக்கும். எந்த சிலிக்கானாக இருந்தாலும் அது ஒருமுறை பட்ட இடத்தில் வேறு எதுவும் ஒழுங்காக ஒட்டாது. இன்னொன்று, உப்பிப் பெருகும் ஃபோம் ஸ்ப்ரே. பாய்மரத்தைச் சுற்றி உள்ள இடைவெளியில் அதை அடித்தால் ஒழுக்கு நின்ற மாதிரி இருக்கும். உண்மையில் தண்ணீர் அந்த ஃபோமுக்குள் ஊறி நின்று, டெக்கின் உள்மரத்தைப் பக்கவாட்டில் நனைக்கும். பாய்மரத்தை இறக்கும் நாளில் அதை வெட்டி எடுப்பது தனி வேதனை.

4. பழையதைக் கழற்றி, காலரைப் பாருங்கள்

பழைய பூட், டேப், சீலன்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பழையதன் மேலேயே புதிய டேப் சுற்றுவது வேண்டாம். அடியில் உள்ள அடுக்கு ஏற்கெனவே விட்டுப் போயிருக்கிறது. மேலே எவ்வளவு சுற்றினாலும் தண்ணீர் அடியில்தான் போகும். கத்தியால் நேரடியாக அலுமினியத்தின் மேல் வெட்டாதீர்கள். பாய்மரத்தைச் சுற்றி ஆழமாக விழும் ஒரு கீறல் அந்த இடத்தில் உலோகத்தைப் பலவீனமாக்கும்.

சுத்தமானதும் காலரைச் சுற்றி டெக்கை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. சத்தம் மங்கி, பொத்பொத்தென்று கேட்கும் இடத்தில் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே உள்ள மரம் ஊறியிருக்கலாம்.

டிஷ்யூ சோதனையில் போல்ட் நனைந்திருந்தால் காலரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பாய்மரம் நிற்கும்போது காலரை முழுவதுமாக எடுக்க முடியாது. ஆனால் ஆப்புகளை எடுத்துவிட்டால் பாய்மரத்தோடு மேலே தூக்கிக் கட்டி வைக்கலாம். ஆப்பு எடுக்கும் முன் ஒன்று: காற்று அடிக்காத நாளாக, படகு கட்டியிருக்கும் இடத்தில் அசைவில்லாத நேரமாக இருக்கட்டும். டெக் மட்டத்தில் பாய்மரத்துக்குப் பக்கப் பிடிப்பு இல்லாத நேரம் அது.

போல்ட் துளைகளில் மரம் தெரிந்தால் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, உள்ளே காயவிட்டு, கெட்டி எபாக்சியால் நிரப்பி, அது இறுகிய பின் சரியான அளவில் மறுபடி துளை போடுங்கள். இனி போல்ட்டைச் சுற்றி எபாக்சிதான் இருக்கும், மரம் இருக்காது. நாளைக்கு சீலன்ட் விட்டாலும் டெக் ஊறாது. டெக் ஓட்டையின் உள்விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கேயும் மரம் திறந்திருந்தால் அதே எபாக்சிதான். இதைச் செய்யாமல் விட்ட படகுகள் நிறைய.

காலரைத் திரும்ப வைக்கும்போது பியூட்டைல் டேப்பை அடியில் முழு வளையமாகவும், ஒவ்வொரு போல்ட் தலையைச் சுற்றி ஒரு சின்னத் திரியாகவும் வையுங்கள். போல்ட்டை ஒரேயடியாக இறுக்காமல், எதிரெதிர் ஜோடியாகக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை இறுக்குங்கள். பியூட்டைல் மெதுவாகத்தான் பிதுங்கும். நிரந்தரமாக ஒட்டும் பாலியூரிதேன் பசையை இங்கே போடாதீர்கள், அடுத்த முறை காலரோடு டெக்கின் மேல் அடுக்கும் சேர்ந்து வந்துவிடும்.

5. ரிக்கிங்கை (பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை) சரிசெய்து, பிறகு ஆப்பு வையுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். என் கணக்கில் ஒழுக்கில் பாதி இங்கே பிறக்கிறது. பாய்மரத்தைப் பிடிப்பது ஆப்பின் வேலை. தண்ணீரைத் தடுப்பது பூட்டின் வேலை. ஆப்பு தளர்ந்திருந்தால் பாய்மரம் ஒவ்வொரு அலைக்கும் ஓட்டைக்குள் ஆடும். பூட் அந்த ஆட்டத்தைத் தாங்கிக்கொண்டு எத்தனை நாள் இருக்கும்? முதலில் கிளாம்ப் நகரும், அப்புறம் ரப்பர் கிழியும்.

முதலில் பாய்மரம் நடுவில் நிற்கிறதா பாருங்கள். பெரிய பாயை ஏற்றும் கயிற்றின் முனையை எடுத்து, வலப்பக்கத் தாங்கு கம்பி டெக்கில் மாட்டியிருக்கும் இடம் வரை இழுத்து அளவு குறித்துக்கொள்ளுங்கள். அதே நீளம் இடப்பக்கத்திலும் சரியாகத் தொட வேண்டும். தொடாவிட்டால் பக்கக் கம்பிகளைச் சரிசெய்யுங்கள். ஆப்பை அடித்துப் பாய்மரத்தை நேராக்க நினைக்காதீர்கள். டெக் மட்டத்தில் தள்ளினால் பாய்மரம் நடுவில் வளையுமே தவிர உச்சி நேராகாது.

பக்கவாட்டு ஆப்புகளை லேசாக வைத்து நடுவைப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் உள்ளவற்றை இறுக்குங்கள். காற்றில் ஓடும்போது முன்பின் திசையில்தான் பாய்மரம் அதிகம் உந்தும். கடைசியாகப் பக்கவாட்டை இறுக்குங்கள்.

மர ஆப்பு என்றால் கடின மரமாக, பாய்மரத்தின் வளைவுக்கு ஏற்ப உள்பக்கம் சீவியதாக இருக்கட்டும். முனை மட்டும் அழுத்தும் ஆப்பு அலுமினியத்தில் பள்ளம் போடும். பெரிய சுத்தியலும் வேண்டாம், மரச்சுத்தியல் போதும். ஒவ்வொரு ஆப்பின் தலையிலும் ஒரு துளை போட்டு நூல் கோர்த்துக் கட்டுங்கள். தளர்ந்தாலும் படகின் அடிக்குழியான பில்ஜுக்குள் விழாது.

ரப்பர் ஆப்பு அவ்வளவு லேசில் நுழையாது. டெக் மட்டத்துக்குச் சற்று மேலே பாய்மரத்தில் ஒரு பட்டையைச் சுற்றி, கப்பிக் கயிற்றால் முன்பக்கம் இழுத்துப் பிடித்தால் பின்பக்க இடைவெளி திறக்கும். சோப்பு நீர் தடவி ரப்பரை உள்ளே தள்ளுங்கள். கயிற்றை விட்டதும் பாய்மரம் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கிரீஸோ எண்ணெயோ தடவாதீர்கள். ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

கேபினுக்குள் டெக்கின் அடிப்பக்கத்தையும் பாய்மரத்தையும் அல்லது பீடத்தையும் இணைக்கும் ஒரு கம்பியோ பட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். பாய் ஏற்றும் கயிறுகள் பாய்மரத்தின் அடியில் உள்ள கப்பிகளில் திரும்பி, படகை ஓட்டுபவர் உட்காரும் காக்பிட்டுக்குப் போகும் படகுகளில், அந்தக் கப்பிகள் டெக்கை மேல்நோக்கி இழுக்கும். டெக்கைக் கீழே பிடித்து வைப்பதுதான் இந்தக் கம்பியின் வேலை. அது தளர்ந்திருந்தால் டெக் மேலும் கீழும் மூச்சு விடும், காலரின் சீலன்ட் கிழியும். இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைக் கழற்றி வைத்த புண்ணியவான்களும் உண்டு.

6. ஆப்புக்குப் பதிலாக ஊற்றும் வளையம்

இரண்டு திரவங்களைக் கலந்து இடைவெளியில் ஊற்றினால் கெட்டி ரப்பராக இறுகும் பாலியூரிதேன் வளையம் ஒன்று உண்டு. பாய்மரத்தின் வடிவத்துக்கே இறுகுவதால் பிடிப்பு சுற்றிலும் சமமாக இருக்கும். விலை அதிகம், ஒரே வாய்ப்புதான்.

ரிக்கிங் முழுவதும் சரிசெய்த பின்னரே ஊற்ற வேண்டும். பாய்மரம் எங்கே நிற்கிறதோ அங்கேயே இறுகிவிடும். அடியில் மென்மையான ஃபோம் பட்டியால் அணை கட்டி, அதன் ஓரங்களைக் களிமண்ணால் பூசுங்கள். சின்ன இடுக்கு இருந்தாலும் திரவம் முழுதும் கேபினுக்குள் வழிந்துவிடும். பாய்மரத்திலும் காலரிலும் வாஸலின் தடவுங்கள், இல்லாவிட்டால் பாய்மரம் படகோடு ஒட்டிக்கொள்ளும். ஊற்றும் முன், அடுத்த படியில் சொல்லும் காடியை, அதாவது பாய்மரத்தின் பின்பக்கப் பள்ளத்தை, அடைத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

வளையம் போட்டாலும் அதன் மேல் பூட் வேண்டும்.

7. பாய்மரத்தின் காடியை அடையுங்கள்

பாயின் விளிம்பு ஏறி இறங்கும் நீளமான பள்ளம், காடி, பெரும்பாலான அலுமினியப் பாய்மரங்களின் பின்பக்கத்தில் அடிவரை ஓடுகிறது. பூட்டை எவ்வளவு இறுக்கினாலும் பட்டை அந்தப் பள்ளத்தின் மேல் பாலம் போலத்தான் நிற்கும். அடியில் ஒரு குழாய் திறந்தே இருக்கும். புது பூட், புது கிளாம்ப், அப்படியும் ஒழுகுகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பூட்டின் மேல் விளிம்பு வரும் மட்டத்தில், சுமார் 50 மில்லிமீட்டர் நீளத்துக்குக் காடியை ஆல்கஹாலால் துடையுங்கள். பியூட்டைலை உருட்டி, மரக்குச்சியால் உள்ளே மூலைவரை திணியுங்கள். காடியின் உள்ளே இரண்டு பக்கமும் உதடு போல ஒளிந்திருக்கும் இடம் உண்டு. அங்கேயும் நிரம்ப வேண்டும். வெளிப்பக்கத்தைப் பாய்மரத்தின் வளைவோடு சமமாக வழித்துவிடுங்கள். அடைப்பின் மேல்முகம் வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும், வந்த நீர் அங்கே தேங்காமல் வெளியே விழும்.

அந்த உயரத்தில் பயன்படாத ரிவெட் துளை, பழைய வின்ச் போல்ட் துளை ஏதாவது இருந்தால் அதையும் இப்போதே அடைத்துவிடுங்கள்.

8. பூட்டை அளந்து, தலைகீழாக மாட்டுங்கள்

நூலால் மூன்று அளவு எடுங்கள்: காலரின் வெளிச்சுற்றளவு, காலரின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே பாய்மரத்தின் சுற்றளவு, காலரின் அடியிலிருந்து அந்த இடம் வரை உயரம். உயரத்தோடு 80 மில்லிமீட்டராவது கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பூட் விறைப்பாக இழுபட்டு நிற்கக் கூடாது. பாய்மரம் கொஞ்சம் அசையும்போது விட்டுக்கொடுக்கத் தொய்வு வேண்டும்.

பாய்மரம் நிற்கிறதென்றால் ஷீட்டைச் சுற்றித்தான் குழாயாக்க முடியும். 50 மில்லிமீட்டர் மேலடுக்கு விட்டு, இரண்டு பரப்பையும் மணல்தாளால் தேய்த்து, கான்டாக்ட் பசை தடவி, கைக்கு ஒட்டாத அளவு காய்ந்த பின் அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டுகிறவர்களுக்குத்தான் மூட்டு பிரியும். இந்த மூட்டு பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். அலையும் தெறிப்பும் படகின் முன்முனையான அணியத்திலிருந்து வரும். மூட்டு முன்னால் இருந்தால் நேராக வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும்.

இப்போது மாட்டும் விதம். குழாய் பாய்மரத்தைச் சுற்றி, உள்பக்கம் வெளியே தெரியும்படி, காலருக்கு மேலே நிற்கட்டும். அதன் கீழ் விளிம்பு காலரின் மேல் விளிம்புக்கு 40 மில்லிமீட்டர் மேலே இருக்கட்டும். அந்தக் கீழ் விளிம்பின் அடியில் பாய்மரத்தைச் சுற்றி ஒரு வளையம் பியூட்டைல் வைத்து, மேலே கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அப்புறம், சட்டைக் கையை மடித்து இறக்குவது போல, மேலே நிற்கும் ரப்பரைக் கீழ்நோக்கி மடித்துக் காலரின் மேல் போர்த்துங்கள்.

இப்படிச் செய்தால் கிளாம்ப் ரப்பருக்குள் மறைந்துவிடும். மேலே திறந்த விளிம்பு எதுவும் இல்லை, மடிப்பு மட்டும்தான். வழிந்து வரும் நீர் மடிப்பைத் தாண்டிக் காலருக்கு வெளியே விழுந்துவிடும். நேராக மாட்டினால் மேல் விளிம்பு ஒரு சின்னக் கிண்ணம் போல நின்று நீரைப் பிடித்து வைக்கும்.

மாட்டும் முன் ஆப்புகள் எல்லாம் இறுதியாக இறுகியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். மூடிய பிறகு மேலிருந்து அவற்றைத் தொட முடியாது.

9. கிளாம்ப் எங்கே அழுத்துகிறது, எங்கே அழுத்தவில்லை

பட்டை வளைவில்தான் அழுத்தும். பாய்மரத்தின் குறுக்குவெட்டு பெரும்பாலும் முட்டை வடிவம். பக்கங்கள் ஏறக்குறைய தட்டை. முன்னும் பின்னும் கிளாம்ப் கல் போல இறுகியிருக்கும், பக்கங்களில் விரல் நகம் உள்ளே போகும். திருகை இன்னும் இறுக்கினாலும் பக்கங்களில் ஒன்றும் மாறாது, திருகின் பல்தான் போகும்.

தட்டைப் பக்கங்களில் பட்டைக்கு அடியில் ரப்பர் துண்டுகளை அடுக்கி, நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெலிதாகவும் ஒரு செயற்கை வளைவை உருவாக்குங்கள். இப்போது பட்டை அங்கேயும் அழுத்தும். காலரின் மேல் போடும் கீழ்க் கிளாம்புக்கும் இதேதான், காலர் முட்டை வடிவமாக இருந்தால்.

கோர்த்த கிளாம்புகளில் திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் வரட்டும், இழுப்பு சமமாகும். எஃகுப் பட்டை நேராக அலுமினியத்தைத் தொடக் கூடாது. உப்பு நீரில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். மிச்சமாக நீண்டிருக்கும் பட்டை நுனியை வெட்டி, டேப்பால் மூடுங்கள். இருட்டில் வெறுங்காலோடு டெக்கில் நடக்கும் ஒருவருடைய கணுக்கால் அதைக் கண்டுபிடிக்கும்.

10. டேப் சுற்றும் முறையும் வெயில் மூடியும்

தன்னோடு தானே ஒட்டும் டேப்பை பூட்டின் மேல் கூடுதல் அடுக்காகவோ, காலருக்கும் பாய்மரத்துக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் பூட்டுக்குப் பதிலாகவோ போடலாம். மூன்று விஷயம்தான். பரப்பு ஆல்கஹாலால் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். டேப்பை அதன் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது ஆகும்வரை இழுத்துக்கொண்டே சுற்ற வேண்டும், இழுக்காவிட்டால் ஒட்டாது. கீழிருந்து மேலே, பாதிக்குப் பாதி மேலடுக்காகப் போக வேண்டும், ஓடு வேய்வது போல. மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீருக்கு வாசல்.

இந்த டேப் பாய்மரத்தில் ஒட்டுவதில்லை, இறுக்கத்தால்தான் நிற்கிறது. முதல் சுற்றுக்கு அடியில் ஒரு வளையம் பியூட்டைல் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் அக்ரிலிக் கேன்வாஸில் ஒரு பாவாடை தைத்துக் கட்டிவிடுங்கள். அது நீரைத் தடுக்க இல்லை, வெயிலைத் தடுக்க.

11. கீழிருந்து மேலே சோதியுங்கள்

பசையும் சீலன்ட்டும் காயும்வரை பொறுங்கள். பிறகு ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே ஹோஸோடு. தண்ணீர் மெதுவாக ஓடட்டும். பீய்ச்சி அடித்தால் மழையில் நடக்காத ஒழுக்கெல்லாம் நடக்கும்.

முதலில் காலரைச் சுற்றி டெக்கை மட்டும் பத்து நிமிடம் நனையுங்கள். உள்ளே காய்ந்திருந்தால் காலரின் போல்ட்டுகள், அப்புறம் பூட்டின் கீழ் விளிம்பு, மடிப்பு, கடைசியாக ஆள் உயரத்தில் பாய்மரம், குறிப்பாகக் காடி. ஒவ்வொன்றுக்கும் அதே பத்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் ஒரே நேரத்தில் எல்லாம் நனைந்துவிடும்; சொட்டினாலும் எந்த இடம் என்று தெரியாது.

நின்றிருக்கும் படகில் காய்ந்திருப்பது பாதித் தேர்ச்சிதான். நல்ல காற்றில் இரண்டு பக்கமும் சாய்ந்து ஓடிவிட்டு வந்து, ஆப்புகளைக் கீழிருந்து கையால் அசைத்துப் பாருங்கள், கிளாம்ப் திருகுகளை மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள். புது ரப்பர் முதல் சில நாட்களில் கொஞ்சம் படிந்து கொடுக்கும்.

12. அடுத்த முறை பாய்மரத்தை இறக்கும்போது

பூட்டை அவிழ்த்து, ரிக்கிங்கைத் தளர்த்தி, பிறகு ஆப்புகளை எடுங்கள். டெக்கையும் பாய்மரத்தையும் இணைக்கும் கம்பியைக் கழற்ற மறந்துவிட்டு கிரேனுக்குக் கை காட்டியவர்கள் உண்டு. இறக்கும் நாள் காலையில் அதைத்தான் முதலில் கழற்றி வையுங்கள். எடுக்கும் ஒவ்வொரு ஆப்பிலும் முன், பின், இடம், வலம் என்று மார்க்கரால் எழுதுங்கள். டெக் மட்டத்தில் பாய்மரத்தின் மேல் ஒரு கோடும் போட்டுக்கொள்ளுங்கள்.

பாய்மரம் கீழே கிடக்கும் அந்த நாட்களில்தான் புது பூட் போடுவது சுலபம். மூட்டில்லாத முழுக்குழாயை அடியிலிருந்து அப்படியே ஏற்றிவிடலாம். காடியின் உள்மூலைகளும் கண்ணுக்குத் தெரியும். பாய்மரத்தைத் தூக்குவதற்கு முன் குழாயை, உள்பக்கம் வெளியே தெரியும்படி, கோட்டுக்கு ஒரு அடி மேலே ஏற்றி நூலால் கட்டி வைத்துவிடுங்கள்.